டெல்பா பாடாத சனிக்கிழமை

அமெரிக்காவின் கென்டக்கியில் எங்கள் பக்கத்து வீட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஓரியின் மகள் டெல்பா. ஒன்பது வயதுதான். சனிக்கிழமைதோறும் விடியுமுன் ஓரி அவளை எழுப்பி, பழைய லாரியில் நாற்பது மைல் கூட்டிப்போய் உள்ளூர் வானொலியில் பாடவைப்பார்.

ஒருநாள் அறிவிப்பாளர் ஹோபர்ட், "இன்னிக்கு என்னம்மா பாடப்போற?" என்று கேட்டார்.

"தூக்கம் வருது சார். என்னால முடியல."

நேரடி ஒலிபரப்பு என்பதால் அது அப்படியே எல்லார் வீட்டிலும் கேட்டது.

"மானத்த வாங்கிட்டியேடி!" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் இருமிக்கொண்டே திட்டினார் ஓரி.

ஆனால் நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. "புள்ளயத் தூங்க விடுங்கய்யா" என்று நானும் எழுதினேன். அவள் பாட்டை மதியத்துக்கு மாற்றினார்கள். அதன்பின் வந்த முதல் சனிக்கிழமை அப்பாவும் மகளும் பத்து மணிவரை எழுந்திருக்கவில்லை.