மாமனாரின் ரத்தமும் என் ரத்தமும்

கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. காய்ச்சல் வந்து தேறியவர்களின் ரத்தத்தை வாங்கி, நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகளை உண்டாக்கும் மரபணுக்களை இயந்திரத்தில் எழுத்தெழுத்தாகப் படிக்கிறோம். வாளையாரில் எங்களோடு இருக்கும் மாமனாருக்கு இதை விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே கையமர்த்தினார்.

"ரத்தம் டெஸ்ட் பண்ற லேபுன்னு சொல்லு அம்மணி."

அதோடு என் முனைவர் பட்டத்தின் கதை முடிந்தது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் சர்க்கரை பார்க்கச் சொல்லி என்னிடம் விரலை நீட்டினார்கள்.

மாமாவுக்கு ரத்தத்தின்மீது பெரிய மரியாதை. தன் ரத்தத்தின்மீது மட்டும். மூணாறு தேயிலைத் தோட்டத்தில், கூலிக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்த என்னைக் கட்டிக்கொள்ளப் போவதாக மகன் சொன்னபோது, "எங்க ரத்தம் வேற, அவங்க ரத்தம் வேற" என்று தீர்ப்புச் சொன்னவர். எந்தச் சோதனையும் செய்யாமலே முடிவு வெளியிடும் அந்தத் துணிச்சல் எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் கிடையாது. கல்யாணம் எப்படியோ நடந்துவிட்டது. தீர்ப்பு மட்டும் ரத்தாகவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்கு டெங்கு வந்தது. குலம் கோத்திரம் விசாரிக்கத் தெரியாத கொசு, மாமாவையும் என்னையும் ஒரே வாரத்தில் கடித்துவைத்தது. ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில். அத்தை ஒரே தூக்குவாளியில் இருவருக்கும் கஞ்சி கொண்டுவந்தார். பார்க்க வந்தவர்களிடம் மாமா, தனக்கு வந்தது கடுமையான டெங்கு என்றும் எனக்கு வந்தது சாதாரணம் என்றும் முனகிக்கொண்டே விளக்கினார்.

தேறியதும் ஆய்வுக்கு ரத்தம் தர அவராகவே முன்வந்தார். "எங்க ரத்தத்துல சத்து சாஸ்தி. உங்க ஆராச்சிக்கு ஒதவும்." சிலை திறக்க வந்த மந்திரி போலச் சட்டைக் கையைச் சுருட்டினார். ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நானும் கொடுத்தேன்.

சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல ஒவ்வோர் உடம்பும் மரபணுத் துண்டுகளைத் தன் போக்கில் கலைத்துச் சேர்த்து ஆன்டிபாடிகளைச் செய்கிறது. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட எல்லாம் ஒன்றுபோல அமைவதில்லை. ஆனால் ஒரே கிருமியை எதிர்க்கும்போது, உறவே இல்லாத இரண்டு பேர் எப்போதாவது ஒரே எழுத்து வரிசையில் வந்து நிற்பார்கள். அப்படி ஒரு ஜோடி திரையில் வந்தபோது எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. யாருடையவை என்று பார்த்தேன். ஒன்று மாமாவுடையது. மற்றது என்னுடையது.

குழாய் மாறியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடியும் ரத்தம் வேண்டுமென்று கேட்டேன். "போன தடவ எடுத்தது பத்தலியா?" என்றார். "விசேஷமான ரத்தமாச்சே மாமா" என்றேன். உடனே கையை நீட்டிவிட்டார். மறுபடியும் அதே முடிவு.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது சொன்னேன். "டெங்குவுக்கு உங்க உடம்பும் என் உடம்பும் ஒரே ஆன்டிபாடியச் செஞ்சிருக்கு மாமா."

பிசைந்த கை நின்றது. "மெசின் கோளாறா இருக்கும்."

"ரெண்டு தடவ பாத்தாச்சு."

ஒரு வாய் சோற்றை விழுங்கினார். "அப்படின்னா, என்னுதப் பாத்து உன்னுது செஞ்சிருக்கும்."

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிக் குலுங்கிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "ஆமாங்க, பக்கத்துக் கட்டல்ல படுத்துக் காப்பியடிச்சிருப்பா. ரசம் ஊத்தட்டுங்களா?"

அடுத்து வந்த ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில், மாமா பந்தியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். "எங்க மருமகளுக்கு நம்ம ரத்தந்தானுங்க. கம்ப்யூட்டரே சொல்லிருச்சு."

அது லட்சக்கணக்கான வரிசைகளில் ஒன்றே ஒன்றுதான், அதற்கும் வம்சத்துக்கும் சம்பந்தமில்லை என்று திருத்த வாயெடுத்தேன். அத்தை என் இலையில் ஜாங்கிரியை வைத்து, "சும்மா இரு கண்ணு" என்றார். அறிவியலை அப்படியே விட்டுவிட்டு ஜாங்கிரியைத் தின்றேன். இத்தனை வருடம் கழித்து வந்த அங்கீகாரம். தப்பான காரணத்துக்கு வந்தாலும் மனசுக்கு இதமாகத்தான் இருந்தது.

மறுநாள் மூணாறில் இருக்கும் அம்மாவைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ ஒங்க மாமனாருக்கு எஸ்டேட்டு ரத்தம் ஓடுதுன்னு நான் இங்க சொல்லிக்கிடலாமாடி?"

"தாராளமா சொல்லுங்கம்மா" என்றேன்.