தண்டனை முடிந்தவரின் ஓட்டு

"இவன் ஓட்டுப் போடக் கூடாது டீச்சர்!"

பூத் ஏஜென்ட் சூசை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். காலை பத்தரை மணி இருக்கும்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஓய்வு பெறுவதற்கு முன் எனக்கு வந்த கடைசித் தேர்தல் வேலை அது. பெரியதாழைப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பிரிசைடிங் ஆபீசர். அந்தச் சாவடிக்கு நான்தான் பொறுப்பு.

உள்ளே வந்து நின்றவர் பெயர் கில்பர்ட். ஐம்பது வயதிருக்கும். பட்டியலில் பெயர் இருந்தது, அடையாள அட்டையும் சரியாக இருந்தது.

"என்ன ஆட்சேபணை? ஆள் மாறாட்டமா?" என்று கேட்டேன்.

"ஆளு அவன்தான். எந்தம்பிய கடல்ல, வல்லத்துல வச்சு அடிச்சுக் கொன்னவன். பரோல்ல வந்திருக்கான். கைதிக்கு ஏது ஓட்டு?"

வரிசை கலைந்தது. வெளியே இரு தரப்பிலும் குரல்கள் உயர்ந்தன. வாசலில் ஒரே ஒரு போலீஸ்காரர். எங்களுக்கு மேலதிகாரியான சோனல் ஆபீசர் போனை எடுக்கவில்லை.

கில்பர்ட் தலை நிமிரவில்லை. "நான் போயிருதேன் டீச்சர். என்னால இங்கன சண்ட வேண்டாம்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் வசதியாகத் தோன்றியது. "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊர் அடங்கிவிடும். அவர் திரும்பி இரண்டு எட்டு வைத்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"நில்லுங்க. பரோலா, விடுதலையா? பேப்பர் இருக்கா?"

சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட சான்றிதழை எடுத்தார். பத்து வருடத் தண்டனை முடிந்து விடுதலை என்று சிறை முத்திரையோடு இருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"சிறையில இருக்கிற வரைக்கும்தான் ஓட்டு கிடையாது. பரோல்ல வந்திருந்தாலும் கிடையாது. இவருக்குத் தண்டனை முடிஞ்சிருச்சு. எலெக்‌ஷன்ல நிக்கணும்னாதான் விடுதலைக்கு அப்புறம் ஆறு வருஷம் ஆகணும். ஓட்டுப் போட அந்தத் தடை இல்ல. ஆட்சேபணைய எழுதிக் குடுங்க, சாவடி டைரியில சேக்கேன்."

சூசை என்னையே பார்த்தார்.

"அப்ப எந்தம்பி ஓட்டு, டீச்சர்?"

பயிற்சி வகுப்பில் அதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. கில்பர்ட்டுக்கு மை வைக்கச் சொன்னேன்.

கில்பர்ட் விரலில் மை வைத்துக்கொண்டு போய்ப் பொத்தானை அழுத்தினார். பீப் சத்தம் கேட்டதும் வெளியே கூட்டம் வாசலை அடைத்தது. சூசை எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஏலே, வழி விடுங்கல. டீச்சர் வாசிச்சிட்டாவல்லா" என்றார்.

கூட்டம் விலகியது. கில்பர்ட் யாரையும் பார்க்காமல் நடந்து போனார். சூசை திரும்பி வந்து உட்கார்ந்தார். மாலை வரை ஆட்சேபணை எழுதித் தரவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விதியைத் தெரிந்துகொண்டு போங்கள், அதைச் சத்தமாக வாசியுங்கள். அன்று நான் அதைச் செய்தேன். ஆனால் தம்பியை இழந்தவரிடம், "உங்க வருத்தம் புரியுது" என்று சொல்ல எந்த விதியும் எனக்குத் தடையாக இல்லை. அதை நான் சொல்லவில்லை.