சாச்சி திறக்காத பூட்டு

எங்கட நிஸ்மியா சாச்சி திறக்காத பூட்டு இந்த உலகத்தில இல்ல. பறங்கிக்காரன் மட்டக்களப்பில கோட்டை கட்டின காலத்தில சாச்சி இருந்திருந்தா, அவன் பூட்டுக்குச் செலவழிக்காம ஒரு நாயை வாங்கிக் கட்டியிருப்பான். தையல் ஊசி ஒண்டும் தலைக்குக் குத்துற கிளிப் ஒண்டும் போதும். அலுமாரி, சைக்கிள், பள்ளிவாசல் உண்டியல், எல்லாம் சாச்சியைக் கண்டா வாயைத் திறக்கும். உண்டியலுக்கு நிர்வாகத்து ஆக்கள் வந்து கூப்பிட்டுத்தான் போனவ, அதையும் சொல்லிப்போடணும்.

அப்பிடிப்பட்டவவைத் தோற்கடிச்சது ஒரு லெப்டொப்.

சாச்சி எண்டா என்ட உம்மாட தங்கச்சி. காத்தான்குடியில எங்கட ஊட்டுக்குப் பின் வளவிலதான் இருக்கிறா. அபாயா தைக்கிறது தொழில். புருஷன் ஸியாம் சாச்சா கத்தாரில பதினாலு வருஷம். வந்து நிண்ட லீவையெல்லாம் ஒட்டித் தைச்சாலும் ரெண்டு வருஷம் தேறாது. மிச்சக் குடும்பம் முழுக்கப் போனிலதான் நடந்தது. தையல் மெஷினில போனைச் சாத்தி வெச்சுட்டு சாச்சி தைப்பா, அங்கால அவர் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கேட்டே நித்திரையாகுவார். "கதைக்கிறதுக்கு ஒண்டும் இல்லாட்டியும் வெக்க மாட்டார் மனே" எண்டு ஒருநாள் சொன்னா. நான் அப்ப சிரிச்சன்.

போன பெருநாள் முடிஞ்சு மூணாம் கிழமை, சுபஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனவங்க அவரை எழுப்ப ஏலாமப் போயிற்று. நெஞ்சு. அங்கயே அடக்கினாங்க. கூட இருந்த றிஸ்லான் எண்டவர் லீவில வரக்குள்ள ஒரு பையைக் கொண்டுவந்து தந்தார். ரெண்டு சேர்ட், ஒரு சோடிச் செருப்பு, லெப்டொப், கையில கட்டுற ஸ்மார்ட் மணிக்கூடு.

சாச்சிக்கு மற்றதெல்லாம் பெரிசில்ல. கடைசியாக் கதைச்ச அண்டு ஸியாம் சாச்சா சொன்ன ஒரு சொல்லுத்தான் அவட தலைக்குள்ள சுத்திக்கொண்டிருந்தது. "லெப்டொப்பில உனக்கு ஒண்டு எழுதிக்கொண்டிருக்கன். முடிச்சுட்டு அனுப்புறன்." அது வரவே இல்ல. மனிசன்ட கடைசிக் கதை அந்தப் பெட்டிக்குள்ள, பாஸ்வேர்ட் ஒருத்தருக்கும் தெரியாது. கடைக்காரன் உம்மாட்டச் சொன்னானாம், உள்ளுக்கு இருக்கிறதையெல்லாம் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தாறன் எண்டு. உம்மா அவனைப் பார்த்த பார்வையில அவன்ட ஸ்க்ரூ டிரைவர் கீழ விழுந்ததாம்.

றிஸ்லான் ஒரு வழி சொல்லிட்டுப் போனார். "ஸியாம் காக்கா பாஸ்வேர்ட் அடிச்சு நான் கண்டதில்ல. மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு முன்னால குந்துவார், அது தானாத் திறக்கும்."

உம்மாவும் சாச்சியும் மணிக்கூட்டை லெப்டொப்புக்கு மேல வெச்சு பிஸ்மி சொல்லிப் பார்த்தாங்க. திறக்கல்ல. உம்மா ஓதி ஊதியும் பார்த்தா. கட்டிப் பார்க்க ரெண்டு பேருக்கும் மனசு வரல்ல. சாச்சி புருஷனுக்குத் துக்கம் காக்கிற இத்தாவில இருந்தா. நாலு மாதமும் பத்து நாளும் அலங்காரம் ஆகாதெண்டு காப்பு, தோடு எல்லாம் கழட்டி வெச்சிருந்தா.

"வெள்ளிப் பட்டி போட்ட மணிக்கூடு புள்ள, பாக்கிறவங்க என்ன செல்லுவாங்க?" எண்டா உம்மா.

இத்தா இருக்கிறவட முன்னால வெளி ஆம்புளையும் போகப்படாது. அக்காட மகன் போகலாம். அப்பிடித்தான் ஓ.எல். ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரமும் கோட்டை விட்ட றிப்ஷான், அதாவது நான், இஞ்சினியர் ஆனன்.

"இவனையா கா கூப்பிட்டாய்?" எண்டா சாச்சி. "இவன் தொட்டா ஆடு கத்துமே."

உம்மாட போன் ஒரு மையத்து ஊட்டுக்குள்ள, எல்லாரும் அழக்குள்ள ஆடு மாதிரிக் கத்தினது என்ட வேலைதான். மறுக்கல்ல.

உட்கார்ந்து பார்த்தன். முதல் கோளாறு, மணிக்கூடு இன்னும் பிளேனில இருந்தது. றிஸ்லான் பறக்கக்குள்ள போட்ட ஃப்ளைட் மோட் அப்பிடியே. எடுத்துவிட்டன். லெப்டொப்பின்ட ப்ளூடூத்தும் வைஃபையும் போட்டபடிதான் இருந்தது. ரெண்டாவது, மணிக்கூட்டுக்கே ஒரு பின் நம்பர். சாச்சி யோசிக்கவே இல்ல. "எங்கட நிக்காஹ் நாளை அடி" எண்டா. திறந்திற்று. ஆனா மேசையில வெச்ச கையோட திரும்பவும் பூட்டிற்று. மூணு தரம் அப்பிடியே. மறுகாத்தான் விளங்கினது, தோலில பட்டுக்கொண்டு இருந்தாத்தான் அது திறந்தபடி நிக்கும்.

"சாச்சி, இதுக்கு உசிருள்ள கை வேணும்" எண்டன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னன் எண்டு விளங்கிச்சு. சாச்சி மணிக்கூட்டைத் துடைச்சு என்ட கையில தந்தா. "நீ கட்டு மனே" எண்டா. "லெப்டொப்பை நிப்பாட்டி மட்டும் போட்டுடாத. நிண்டு எழும்பினா பாஸ்வேர்டைக் கையால அடிக்கச் சொல்லுமாம், மணிக்கூட்டைக் கணக்கெடுக்காதாம். றிஸ்லான் சொன்னவர்." சொல்லிட்டு அஸர் தொழப் போனா.

கட்டினன். அவர் போட்ட ஓட்டை எனக்கு ரெண்டு ஓட்டை பெரிசு. இழுத்து இறுக்கி, பின்னை அடிச்சு, லெப்டொப்பை மூடித் திறந்தன். மணிக்கூடு கையில ஒரு தட்டுத் தட்டிச்சு. திரை திறந்திற்று.

அவர் எழுதினது அப்பிடியே முன்னால நிண்டது. தமிழை இங்கிலிஸ் எழுத்தில அடிச்சிருந்தார்.

பெருநாளைக்கு வாறன் எண்டனே, கூரைக்குக் காசு அனுப்பி முடிச்சுட்டு வாங்க எண்டாய். நீ சொன்னது சரிதான். அதாலதான் நெஞ்சு நோவை உனக்குச் சொல்லல்ல. சொன்னா வா எண்டுவாய், வந்தா கூரை நிண்டிரும். நோம்பு தொடக்கம் இரிக்கி. நாளைக்கு டொக்டரிட்டப் போயிட்டு வந்து மிச்சத்தை எழுதுறன்.

மிச்சம் இல்ல.

அந்தக் கூரைக்குக் கீழதான் இருந்து வாசிச்சன். புதுத் தகரம், வெயிலுக்குப் படபடவெண்டு சத்தம். உள்ளுக்கு சாச்சி தொழுது முடிச்சு ஸலாம் குடுக்கிற சத்தமும் கேட்டது. லெப்டொப்பை மூடினன்.

"திறந்ததா மனே?"

"இல்ல சாச்சி. ரெண்டுக்கும் கோபம் போல. நாளைக்குப் பார்ப்பம்."

நான் சொல்லிப் பிடிபடாத முதல் பொய் அது.

பதினொரு நாள் பின்னேரம் பின்னேரமாப் போனன். ப்ளூடூத்தைப் பழுது எண்டன், வைஃபையைப் பழுது எண்டன், சாச்சியை அறை மூலையில நிக்கவெச்சு "அலை மறைக்குது" எண்டும் சொன்னன். அவ அங்கால போற நேரத்திலயெல்லாம் வேறொரு கடிதம் அடிச்சன். நெஞ்சு நோவு இல்லாத கடிதம். கூரை அடிக்கிற படம் பார்த்தன், வடிவாயிருக்கு, வந்து உன்ட கையால சாப்பிடணும், உன்ட மெஷின் சத்தம் இல்லாம நித்திரை வருகுதில்ல எண்டு. எனக்கு இவ்வளவு எழுத வரும் எண்டு தெரிஞ்சிருந்தா தமிழ்ப் பாடத்தில சி எடுத்திருக்க மாட்டன். உண்மையானதை அழிக்கக் கை வரல்ல. வேற ஒரு இடத்தில ஒளிச்சன்.

பன்னிரண்டாம் நாள் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு, "சாச்சி! திறந்திற்று!" எண்டு கத்தினன். தையலைப் போட்டுட்டு ஓடி வந்தா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால குந்தினா, அவரே வந்து இருக்கிற மாதிரி.

ஒவ்வொரு சொல்லா வாய்க்குள்ள வாசிச்சா. மெஷின் சத்தம் வந்த இடத்தில கண்ணைத் துடைச்சா. நானும் கண்ணைத் துடைச்சன். நான் எழுதினதுக்கு நானே அழுறனே எண்டு வெக்கமாயிருந்தது.

மறுகா ஒரு இடத்தில நிண்டா. திரும்பவும் அந்த வரியை வாசிச்சா, இப்ப சத்தமா.

"வந்து இறங்கின அண்டே உன்ட இறால் சொதி வேணும்."

நான் கூரையைப் பார்த்தன்.

"அவருக்கு இறால் ஆகாது மனே. திண்டா உடம்பெல்லாம் தடிச்சிரும். அவர் நிக்கிற நாளில நான் இறால் சட்டியையே அடுப்பில வெக்கிறதில்ல." சாச்சி திரும்பி என்னைப் பார்த்தா. கோபம் இல்ல. கோபம் இருந்திருந்தா நல்லது. "இந்த ஊட்டுல என்ட இறால் சொதி கேக்கிறவன் ஒருத்தன்தான்."



"நல்லாத்தான் எழுதியிருக்காய்" எண்டா சாச்சி. கதிரையைக் கொஞ்சம் தள்ளி எனக்கு இடம் விட்டா. "இஞ்ச வந்து இரி. இப்ப அவர் எழுதினதை எடு."