சூரியனுக்குக் கண்ணாடி மாட்டியவள்

'ஒருமுறை சூரியனுக்கே கண் கூசியது. நேராக என்னிடம் வந்தது. கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி அனுப்பினேன். அதன்பிறகுதான் உலகத்தில் சாயங்காலம் என்று ஒன்று உண்டாயிற்று.'

அடித்து முடித்துவிட்டு வாலு தனியாகச் சிரித்தான். அக்காவின் விண்ணப்பத்துக்கு இவைதான் முதல் வரிகள். கண் பரிசோதனைப் பட்டப்படிப்பு. மொத்தமே முப்பது இடம். இன்று மாலை ஆறு மணியோடு கடைசி. ஐந்தரைக்கு அக்கா வந்து படித்துப் பார்த்து அனுப்புவாள். அதுவரை அவள் தலையெழுத்து, ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுத் தட்டச்சுக் கடையில் உட்கார்ந்திருக்கும் தம்பியின் கையில்.

அக்கா ஐந்து வருடமாகக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். மூக்கின்மேல் அளவுகோலை வைத்துக் கருவிழிகளின் இடைவெளியை அளப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கமாட்டாள், மூக்கைத்தான் பார்ப்பாள். "சரியுது பாருங்க மாமா, கொண்டாங்க" என்று கண்ணாடியைக் கழற்றி, காம்பை வளைத்து மாட்டிவிட்டுத்தான் வாங்க என்பாள்.

வீட்டில் ஒரே மேசை, அவளுக்கு. ஒரே மின்விசிறி, அதுவும் அவள் பக்கம். வாலு தும்மினால்கூட, "அவ படிக்கிறாடா, வெளியே போய்த் தும்மு" என்பாள் அம்மா. இடமும் கிடைத்துவிட்டால், போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திவைத்துச் சொல்வாள் அம்மா. நினைக்கும்போதே அவனுக்கு வயிறு எரிந்தது.

அக்கா எழுதிக் கொடுத்த தாளைப் பிரித்தான். 'நான் பொறுப்பானவள். கடினமாக உழைப்பவள்.' அப்படியே ஒன்றரைப் பக்கம். படிக்கிறவர் இரண்டாம் வரியில் குறட்டை விடுவார். இவளைக் கவிழ்க்கத் தம்பி எதற்கு? இதை உள்ளபடி அடித்தாலே போதும்.

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் இவளைப் பார்த்தா வயிறெரிந்தோம்? பொறாமைப்படவும் ஒரு தகுதி வேண்டாமா? தாளை மடித்துவிட்டு, அந்தச் சூரிய வரிகளுக்குக் கீழே அவள் சொல்வதுபோலவே அடிக்கத் தொடங்கினான்.

ஐந்தே முக்காலுக்கு அக்கா மூச்சிரைக்க வந்து திரைமுன் உட்கார்ந்தாள்.

"யாருடா இது, சூரியனுக்குக் கண்ணாடி மாட்டினவ?"

"கொஞ்சம் எடுப்பா இருக்கட்டுமேன்னு…"

"எடுப்பா இருக்கா? இப்ப எடுக்கறேன் பாரு." நான்கு வரியும் போயின. கீழே இருந்ததைப் படித்தாள்.

'என் தம்பிக்கு அப்போது பத்து வயது. கரும்பலகை தெரியாமல் தினமும் மக்கு என்று பெயர் வாங்கினான். சுவர் நாள்காட்டியைத் தூரத்திலிருந்து படிக்கச் சொன்னேன். முன்பே மனப்பாடம் செய்துவிட்டுக் கடகடவென்று ஒப்பித்தான். தாளைக் கிழித்து அடுத்த மாதத்தைக் காட்டினேன், திருதிருவென்று விழித்தான். கண்ணாடி வந்த அன்று அவன் முதலில் பார்த்தது என் முகத்தை. என் புருவத்தில் ஒரு தழும்பு இருப்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.'

அக்கா அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். 'பெறப்பட்டது' என்று வந்த பிறகுதான் திரும்பினாள்.

"கண்ணாடி போட்ட அன்னிக்கு நீ சுவரைப் பார்த்துக்கிட்டு, 'ஒண்ணும் தெரியல, தண்டம்'னு சொன்னியேடா?"

வாலு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். "சும்மா கதைக்கா. நீ போய்ட்டா மேசை எனக்கு, அதுக்குத்தான்."

"மாட்டுடா அதை. பொய் சொல்லும்போது மட்டும்தான் நீ கழட்டுவே."