கடைசி நாற்பது பக்கம்

அந்த இரண்டாம் சனிக்கிழமை ஆரோக்கியமேரிக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டியிருந்தது. 'இனிமே என்னால ஆகாது, என்னை விட்டுடுங்க.' லாலாகுடாவிலிருந்து பஸ்ஸில் வரும்போதே வாய்க்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். லோத்குண்டாவில் கல்பகம் மாமி வீட்டுக்குள் நுழைந்து, அந்த நாலு முகங்களும் சிரித்துக்கொண்டு திரும்பியதும் வாயே எழும்பவில்லை.

விஷயம் இதுதான். கல்பகம் மாமி, மைதிலி, ராஜி, சுஷ்மா, ஆரோக்கியமேரி என்று ஐந்து பெண்கள் மாசாமாசம் இரண்டாம் சனிக்கிழமை கூடி ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறார்கள். எல்லோரும் ஐதராபாத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆரோக்கியமேரி தவிர நால்வரும் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ படித்தவர்கள். தமிழில் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், டிவி முன்னால் உட்கார்ந்து அழுவார்கள். ஆனால் தமிழில் ஒரு கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் போதும், படம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வட்டம் என்னவோ பெரிசுதான், அதில் வாசகர் ஒருத்திதான்.

ஆரோக்கியமேரிக்குப் படிக்க வந்தது அவள் அப்பா புண்ணியம். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்க ஆள் வேண்டும் என்று மகளைப் பிடித்து உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அதில் ஒட்டிக்கொண்டது அந்தப் பழக்கம். வேலை பார்க்கும் பாலாநகர் ஃபேக்டரிக்குப் போகும் பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், ஆஸ்பத்திரி வரிசையில் என்று எங்கே போனாலும் அப்போதெல்லாம் கைப்பையில் ஒரு நாவல் இருக்கும்.

லாக்டவுன் சமயத்தில், பொழுது போகாமல் ஒரு நாவலின் முதல் அத்தியாயத்தைப் போனில் படித்துப் பதிவு பண்ணி வாட்ஸப்பில் இந்த நாலு பேருக்கும் அனுப்பிவைத்தாள். சும்மா விளையாட்டுக்கு. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். ஆறு வருஷமாகிறது, பதினாலு நாவல் ஆகிவிட்டது. பகல் முழுக்கக் குனிந்து ஒயர் பற்றவைத்துவிட்டு ஆறரைக்கு வீட்டுக்கு வருவாள். முகம் கழுவி, பெட்ரூம் கதவைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு உட்காருவாள். ஃபேன் ஓடினால் பதிவில் இரைச்சல் விழுகிறதாம். இந்த ஊர் மே மாசத்தில் ஃபேன் இல்லாமல் இருபது நிமிஷம் தொண்டை கிழியப் படித்துப் பார்த்தால்தான் தெரியும் அந்தக் கொடுமை. மற்றவர்கள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார்கள், வாக்கிங் போய்க்கொண்டே கேட்பார்கள். மைதிலி வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்டு முடித்துவிடுவாளாம். அதை ஆரோக்கியமேரியிடமே பெருமையாகச் சொல்லவும் சொன்னாள்.

வேலைப் பளுவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆரோக்கியமேரிக்கு ஆற்றாமை வேறு. குரல் கொடுப்பதற்காகப் படிக்கிறவளுக்குக் கதை எங்கே உள்ளே இறங்கும்? கண் வரியில் இருக்கும். புத்தி, எங்கே மூச்சு வாங்குவது, போனில் சார்ஜ் இருக்கிறதா, குக்கர் எத்தனை விசில் போட்டது என்று அலையும். தனக்கென்று ஒரு பக்கம் படித்து ஆறு வருஷம் ஆயிற்று. சனிக்கிழமை கூடிப் பேசும்போதும் எல்லோரும் அவளையேதான் கேட்பார்கள். அவளுக்குத் தெரியாத ஒன்றை இதுவரைக்கும் ஒருத்தியும் அவளுக்குச் சொன்னதில்லை.

போன ஜனவரியில் அது நடந்தது. உப்பளத்துக் கதை ஒன்று போய்க்கொண்டிருந்தது. செண்பகம் என்று ஒருத்தி, புருஷன் வீட்டை உதறிவிட்டு வந்து உப்பு வாரிப் பிழைக்கிறாள். பதினைந்து வருஷம் கழித்து அவளைக் கூட்டிப்போக மகள் தேடி வருகிறாள். அந்த இடத்தில் இன்னும் நாற்பது பக்கம் பாக்கி. அந்த வாரம் பார்த்து ஃபேக்டரியில் ஓவர்டைம், வீட்டில் மாமியாருக்குக் காய்ச்சல், சனிக்கிழமையோ நெருங்கிவிட்டது. ஆரோக்கியமேரி புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டு, போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு தானாகவே ஒரு முடிவைச் சொல்லிவிட்டாள். செண்பகம் மகளோடு ஊருக்குப் போனாள், பாயைப் போட்டுப் படுத்தாள், ஒரு முழுப் பகல் தூங்கினாள் என்று. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாமி 'ரொம்ப நன்னா முடிச்சிருக்கா' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்செல்லாம் ஓய்ந்ததும், அலமாரியில் வைத்துக்கொள்கிறேன் என்று சுஷ்மா அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனாள்.

அதற்கப்புறம் ஒரு நாவலும் முடிந்து, இன்றைக்குத்தான் 'ஆகாது' என்று சொல்லிவிட வந்திருந்தாள். காப்பி குடித்து முடித்ததும் மாமி எழுந்துபோய் அடுத்த நாவலைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தாள். எழுநூறு பக்கம். எல்லோரும் கை தட்டினார்கள். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? சொல்லவில்லை. பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினாள். அவளை நினைத்து அவளுக்கே எரிச்சலாக வந்தது.

கூடவே சுஷ்மாவும் வந்தாள். தார்நாகாவில் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறவள். கூட்டத்தில் வாயே திறக்கமாட்டாள். பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்ததும் அந்த உப்பளப் புத்தகத்தை வெளியே எடுத்தாள்.

"அக்கா, இந்தக் கதையில செண்பகம் ஊருக்கே போகலையே. கைக்கு, ஏன் அப்படிச் சொன்னீங்க?"

உனக்கெப்படித் தெரியும் என்று ஆரோக்கியமேரி கேட்பதற்குள் சுஷ்மா தானாகவே சொன்னாள். அவளுக்குத் தமிழ் எழுத்துகள் அரைகுறையாகத் தெரியுமாம். போனில் அக்காவின் குரலை ஓடவிட்டு, புத்தகத்தில் அந்தந்த வார்த்தைமேல் விரலை வைத்துக்கொண்டே போனாளாம். ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம், மூணு பக்கம். குரல் முந்திப் போனால் நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து. இப்படியே நாலு மாசம்.

"மகள் வர்ற இடம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்புறம் நீங்க சொல்றது ஒண்ணு, பக்கத்துல இருக்கிறது ஒண்ணு. மூணு தடவ போட்டுக் கேட்டேன். நாலு மாசம் உக்காந்தும் நமக்குப் படிக்க வரலியேன்னு அழுதேன் அக்கா. நம்ம தலைக்கு இது நக்கோ, வேண்டாம்னு பீரோல வெச்சுப் பூட்டிட்டேன்."

பத்து நாள் கழித்து மனசு கேட்காமல் எடுத்தாளாம். குரல் இல்லாமல் முதல் பக்கத்தைப் பிரித்தால் வார்த்தை வார்த்தையாகப் படிக்க வந்ததாம். அப்போதுதான் புரிந்ததாம், தப்பு தன்மேல் இல்லை என்று. அதைச் சொல்லும்போது கோபத்தில் புத்தகத்தை மடியில் ஓங்கித் தட்டினாள்.

ஆரோக்கியமேரியை வெட்கம் பிடுங்கித் தின்றது. பூசை மேடையில் நின்று ஒரு எழுத்துத் தவறாமல் வாசிக்கிறவள், வீட்டுக்குள் உட்கார்ந்து பொய்யை வாசித்திருக்கிறாள். அந்தப் பொய், பாவம், இந்தப் பெண்ணைத் தன்மேலேயே சந்தேகப்பட வைத்திருக்கிறது.

"நான் அதைப் படிக்கவே இல்ல சுஷ்மா," என்றாள். "கடைசி நாப்பது பக்கத்த இன்னிக்கு வரைக்கும் திறந்துகூடப் பாக்கல. முடியல. உடம்பும் முடியல, மனசும் முடியல. செண்பகமாவது படுத்துத் தூங்கட்டும்னு அனுப்பிவெச்சேன்."

ஆறு வருஷத்தில் 'முடியல' என்ற சொல்லை அவள் ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

"அப்ப உங்களுக்கு முடிவு தெரியாதா?"

"தெரியாது."

சுஷ்மா மடக்கிவைத்திருந்த பக்கத்தைப் பிரித்து, விரலை வரியில் ஊன்றி, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். ளகரமும் ழகரமும் தடுக்கின. ஒரு வார்த்தையைப் பாதியில் உடைத்தாள், பிறகு பின்னால் போய் ஒட்டவைத்துக்கொண்டு வந்தாள். ஆரோக்கியமேரி ஒன்றையும் திருத்தவில்லை. பின்னால் இருந்த கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். லாலாகுடா பஸ் வந்து நின்றது, கண்டக்டர் ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். மகள் வாசலில் நிற்கிறாள். செண்பகம் கையில் உப்புக் கூடையோடு வந்து அவளைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் சுஷ்மாவுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டாள்.

ஆரோக்கியமேரி கண்ணைத் திறக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்டே?" என்றாள். "படி."