தூணின் இடுப்பில் ஒரு கயிறு

அஸ்தம்பட்டியில் பெரியப்பா மகன் புதிதாகத் திறந்த டீக்கடையில்தான் அந்தச் சத்தம் கேட்டது. ஓட்டுக்கூரையைத் தாங்கும் மரத்தூணின் நடுவில் நிழல்வலைக் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தான். காற்றடிக்கும்போதெல்லாம் தூண் முனகியது.

முன்பு எங்கள் எடப்பாடி வீட்டுத் தறிக்கூடத்திலும் இதே முனகல். கஞ்சிப்பசை நாற்றத்துக்கு நடுவே, தறியின் பாவு நூலை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தனி முளையடித்துக் கட்டாமல், கூரைத்தூணின் இடுப்பில் கட்டுவார் பெரியப்பா. வீம்பு பிடித்த மனிதர்.

"தூணு வளையுதுங்க, கயித்த அவுத்துடுங்க" என்று அம்மா பல தடவை சொன்னாள்.

"மேல எத்தன பாரம் வெச்சாலும் தாங்கும், போ."

பாரத்தைச் சுமக்கிற மரத்தைக் குறுக்கேயும் இழுத்தால் எப்படித் தாங்கும்? ஒரு மழைநாளில் ஓடு நனைந்து கனத்தபோது தூண் முறிந்தது. கூரை அம்மாவின் தோளில் விழுந்தது. "இவ தூணுல கொடி கட்டிச் சேல காயப்போட்டா, அதான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார் பெரியப்பா, கூசாமல். அம்மாவுக்கு இன்றுவரை வலக்கையைத் தூக்க வராது.

"தூணு வளையுதுடா" என்றேன், டீக்கடைத் தூணைக் காட்டி.

"ஒண்ணும் ஆவாதுக்கா. மேல எத்தன பாரம் வெச்சாலும் தாங்கும்" என்றான், அப்பனின் அதே குரலில்.

எலுமிச்சை நறுக்கும் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன்.

"இன்னைக்கு எங்கம்மா சேல காயப்போடலடா."