தஹபோவின் எழுத்து ஃபோனுக்குள் வந்த கதை

சோமாலியாவில் எங்கள் ஊர் கரோவேயின் கடைத்தெருவில் தஹபோ துணிக்கடை வைத்திருக்கிறாள். எதிரில் நான் டீ விற்கிறேன். அவளுக்கு ஓரிடத்தில் கால் பாவாது. டீயை நின்றபடியே பாதி குடித்துவிட்டு, மீதியை என் பலகையில் மறந்துவிட்டு ஓடுவாள். அவளை உட்கார வைத்தது உஸ்மானியா ஒன்றுதான்.

சோமாலி மொழிக்கென்று எங்கள் ஆட்களே உண்டாக்கிய எழுத்து அது. அரசாங்கம் லத்தீன் எழுத்தை எடுத்துக்கொண்ட பிறகு பள்ளிக்கூடத்தில் அதற்கு இடமில்லை. தஹபோவின் அப்பா விடாப்பிடிக்காரர்; இரண்டு பெண்களுக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். கடைக்குட்டி குலேத் ஒட்டகங்களோடு மேய்ச்சலில் கிடந்ததால் அவனுக்கு வாய்க்கவில்லை. மூத்தவள் அர்தோ போசாசோவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அக்காவும் தங்கையும் கடிதங்களை லாரிக்காரர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். எங்கள் லாரிக்காரர்கள் கடிதத்தைப் பிரித்துப் பார்க்காமல் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. இவர்களுடையதைப் பிரித்தவர்கள் திருதிருவென்று முழித்தார்கள். மாமியார், நாத்தனார், புருஷன் என்று எல்லோர் தலையும் அதில் உருண்டது.

"ரெண்டு காக்காயும் பேசிக்குது" என்பான் குலேத். சிரித்துக்கொண்டுதான் சொல்வான்.

பிறகு எங்கள் தெருப்பையன், கம்ப்யூட்டர் படித்த மஹத் வந்தான். பழைய உஸ்மானியா தாள்களைத் தேடித் தேடிப் படம் எடுத்துச் சேமிப்பவன். அந்த எழுத்தை ஃபோனில் தட்டச்சு செய்யும்படி கொண்டுவரப் போகிறேன், நல்ல கையெழுத்து வேண்டும் என்றான். தஹபோ கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதினாள். அவன் போதும் என்ற பிறகும் எழுதினாள். அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், எல்லோர் கண்ணெதிரிலும் ஊர்வம்பு பேசினார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, நான் சொன்னால் சண்டைக்கு வருவாள்.

குலேத்தின் மகள் ஹோதனுக்கு லிபான் என்ற வாத்தியார் மேல் பிரியம். குலேத்தோ துபாயிலிருந்து சரக்கு எடுத்து விற்கும் ஒருவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டான். பெண் அத்தை தஹபோவின் மடியில் விழுந்து நாலு மாதம் அழுதாள். அப்பா ஒப்பவில்லை என்றால் எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. அவர் ஊரை விட்டு நெடுந்தூரம் போய், அங்கிருக்கும் காஜியிடம் நிக்காஹ் செய்துகொள்ளலாம். முன்கூட்டி யாரிடமும் மூச்சுவிடாமல், ஒரு விடியலில் தஹபோ இருவரையும் போசாசோ போகும் வழியில் இருக்கும் கர்தோவுக்கு பஸ் ஏற்றினாள். குழுவில் அர்தோவுக்கு எழுதினாள்: பஸ் கிளம்பிவிட்டது, சாயங்கால அஸர் தொழுகைக்குள் நீ கர்தோ காஜி வீட்டுக்கு வந்துவிடு.

கடை திறந்த கொஞ்ச நேரத்தில், அவள் என்னிடம் டீ வாங்கி நின்றபோது, மஹத் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றான்.

"அத்தை, இனிமே உஸ்மானியா படிக்கத் தெரியாதவங்களும் படிக்கலாம். ஒரு அழுத்து அழுத்தினா லத்தீன்ல வந்துடும். போன வாரமே குலேத் மாமா ஃபோன்ல போட்டுக் குடுத்துட்டேன். அவரே தேடி வந்து கேட்டாரு."

தஹபோ கையிலிருந்த டீ என் அடுப்பில் கொட்டியது. ஃபோனை எடுத்துப் பார்த்தாள். அந்தச் செய்தியைப் பார்த்தவர்கள் வரிசையில் முதல் பெயர் குலேத். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தேன். ஹோதனைக் கூப்பிட்டாள், கிடைக்கவில்லை. கடைக்கும் தெருமுனைக்குமாக நடந்தாள்.

"உக்காருடி, மயக்கம் போட்டு விழுந்துடப் போற" என்றேன்.

"எப்படிடி உக்காருவேன்? குலேத் காரு பஸ்ஸைப் பிடிச்சுடும். புள்ளையை இழுத்துட்டு வந்து அந்த துபாய்க்காரனுக்கே கட்டி வச்சுடுவான்."

அப்போது குலேத்தின் கார் வந்து நின்றது.

"வீட்ல ஹோதன் இருக்காளாடா?" என்று கேட்டாள் இவள், ஒன்றும் தெரியாதவள் போல.

"நடிக்காதக்கா." அவன் ஃபோனை நீட்டினான். "ஒரு வாரமா உக்காந்து எல்லாத்தையும் படிச்சேன். என்னை ஒட்டகக் காதுன்னு எழுதியிருக்கீங்க, அது போகட்டும். எம் பொண்ணு சோறு திங்கலைன்னு எழுதியிருக்க. செத்துடுவேன்னு அவ சொன்னதா எழுதியிருக்க. எங்கிட்ட நல்லா இருக்கேன்னுதான் சொன்னா."

தஹபோ தன் ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாலு மாசம். எனக்குப் படிக்கத் தெரிஞ்ச எழுத்துல ஒரு வரி எழுதியிருக்கலாமேக்கா. நேத்து ராத்திரிதான் முடிவா அந்த துபாய்க்காரன்கிட்ட வேணாம்னு சொன்னேன். காலையில அவகிட்ட சொல்லலாம்னு போனா, படுக்கை காலி."

இப்படி ஒரு தம்பியை இத்தனை வருஷமாய் வெளியில் நிறுத்தி வைத்திருந்தார்களே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஏறு. அப்பன் உயிரோட இருக்கறப்போ எம் பொண்ணு திருட்டுத்தனமா ஏன் நிக்காஹ் பண்ணிக்கணும்? நானே அவ கையைப் பிடிச்சு அந்த வாத்தியாருக்குக் குடுக்கறேன்."

தஹபோ ஏறி உட்கார்ந்தாள். ஹோதனுக்குச் செய்தி எழுத ஃபோனை எடுத்தவள், விரல் பழக்கத்தில் உஸ்மானியாவில் இரண்டு எழுத்து தட்டிவிட்டாள். அதை அழித்தாள். லத்தீனில் எழுதினாள்: அப்பா வருகிறார், பயப்படாதே, காத்திரு. அனுப்பாமல் ஃபோனைத் தம்பியிடம் நீட்டினாள். அவன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, அனுப்பு என்றான்.